பெண்ணுக்கு அல்லாஹ் கொடுத்ததை நாம் கொடுக்கிறோமா?



இஸ்லாம் பெண்ணுக்கு என்ன உரிமை கொடுத்திருக்கிறது என்று மாற்று மத நண்பர்கள் கேட்டால் எம்மிடம் வாய் நிறையப் பதில் இருக்கிறது. பெண் குழந்தையை உயிரோடு புதைத்த காலத்தில் அவளுக்கு வாழும் உரிமை கொடுத்தது இஸ்லாம் என்போம். 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொத்துரிமை கொடுத்தது என்போம். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தாள் என்று ஒப்பிட்டும் காட்டுவோம். அத்தனையும் உண்மை. அதில் எமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் நாம் வெளியாருக்குச் சொல்லும் அந்தப் பதிலை எமது வீட்டுப் பெண் பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வாப்பா, அந்த உரிமையில் எனக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு?" என்று அவள் கேட்டால் எம்மிடம் என்ன பதில் இருக்கிறது? வெளியே சொல்லும் பதிலையும் வீட்டுக்குள் இருக்கும் நடைமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் மஹரை எடுத்துக்கொள்வோம். ஸூரத்துன் நிஸாவின் தொடக்கத்திலேயே மணக்கொடையைப் பெண்களுக்கு மனமுவந்து கொடுத்துவிடும்படி அல்லாஹ் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறான். ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கக் கூடாது என்று அதே ஸூராவில் எச்சரிக்கிறான். கொடுக்க வேண்டியவன் ஆண். பெற வேண்டியவள் பெண். அவளுடைய தகப்பனுக்குக்கூட அதில் பங்கு கிடையாது.

எமது ஊர்களில் நடப்பது என்ன? நிகாஹ் மஜ்லிஸில் மஹர் தொகையை வாசிக்கும்போது சபையில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பேருக்கு ஒரு தொகை, பதிவுக்கு ஒரு எண். உண்மையான பேச்சுவார்த்தை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பெண் வீட்டில் முடிந்திருக்கும். வீடு எத்தனை அறை, வளவு யார் பெயரில், நகை எத்தனை பவுண், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளா காரா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். எமது விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே 'கைக்கூலி' என்ற எமது ஊர்ச் சொல் இடம்பெற்றிருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம் மணப்பெண்ணின் பயன்பாட்டுக்கு உரியது என்றே அச்சட்டம் சொல்கிறது. காதியிடம் முறையிட்டு அவள் அதைத் திரும்பக் கேட்கலாம். நடைமுறையில் அந்தப் பணம் மாப்பிள்ளையின் கடையில் முதலாகிவிடும். அல்லது அவருடைய தங்கையின் கல்யாணத்துக்குக் கைக்கூலியாக இன்னொரு வீட்டுக்குப் போய்விடும்.

கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழமையில் ஒரு நன்மை இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீடு அவள் பெயரில் இருப்பதால் கணவன் கோபித்துக்கொண்டாலும் அவள் தெருவில் நிற்பதில்லை. உம்மாவும் ராத்தாவும் பக்கத்திலேயே இருப்பார்கள். வடக்கிலும் மேற்கிலும் பல பெண்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் பெற்றோர் விரும்பிக் கொடுப்பது வேறு, கொடுக்காவிட்டால் கல்யாணமே இல்லை என்பது வேறு. முன்னது அன்பளிப்பு, பின்னது விலை. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் வாப்பா கடலுக்குப் போயும் வயலுக்குப் போயும் மூன்று கூரை போட முடிவதில்லை. சில வீடுகளில் உம்மா பாஸ்போட் எடுக்கிறார். ரியாதிலோ குவைத்திலோ இன்னொருவர் வீட்டுக் குசினியில் பல வருடங்கள் நின்று மகளுக்குச் செங்கல் வாங்குகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். படித்த பெண் ஊரில் உள்ள வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ வேலைக்குப் போனால், மஹ்ரம் இல்லாமல் போகலாமா, ஆண்கள் உள்ள இடத்தில் வேலை செய்யலாமா என்று ஆயிரம் கேள்வி வருகிறது. அதே ஊரில் படிக்காத ஏழைத் தாய் கணவனையும் குழந்தைகளையும் விட்டுக் கடல் கடந்து தனியே அந்நிய வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வி எங்கே போகிறது? அவர் அனுப்பும் பணத்தில்தான் சீதன வீடு எழும்புகிறது. அதனால்தான் அந்தக் கேள்வி வாயடைத்து நிற்கிறது. மார்க்கத்தின் பெயரால் போடும் தடை வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் படிப்பில் மட்டும் வந்து விழுந்து, ஏழைப் பெண்ணின் முதுகில் ஏறும் சுமையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அது மார்க்கமாகாது. அது எமது வசதி.

உழைக்கும் உரிமையைப் பொறுத்தவரை குர்ஆன் தெளிவாகவே இருக்கிறது. ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு என்று அல்லாஹ் சொல்கிறான். கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் வணிகர். நபி (ஸல்) அவர்கள் அந்த வணிகத்தைச் சுமந்துகொண்டு ஷாமுக்குப் போனவர்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்களிடம் சொந்தமாகப் பணம் இருந்தது. வசதி குறைந்த தம் கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் அதைச் செலவிட்டால் தர்மமாகுமா என்று அவர் கேட்டபோது, இரட்டைக் கூலி உண்டு என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மனைவி குடும்பத்துக்குச் செலவழிப்பது அவள் செய்யும் தர்மம். குடும்பத்தைத் தாபரிக்கும் கடமை ஆணுடையது. அவளுடைய சம்பளம் அவளுக்கே உரியது. மனைவியின் ஏடிஎம் அட்டையைத் தன் பணப்பையில் வைத்திருக்கும் கணவன்மார் இந்த ஹதீஸை ஒருமுறை வாசிப்பது நல்லது.

அடுத்தது கல்வி. இலங்கை முஸ்லிம்களின் கல்வி எழுச்சிக்கு வித்திட்ட அறிஞர் சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டிலேயே பெண் கல்விக்காகக் குரல் கொடுத்தார். 1882இல் அவர் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகை அக்காலத்தில் எமது சமூகத்தைத் தட்டி எழுப்பிய குரல். 1940களில் இலவசக் கல்வி வந்தது. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது. அதன் அதிபராக இருந்த ஆயிஷா ரஊப் அவர்கள் 1950களில் கொழும்பு மாநகரின் பிரதி மேயராகவும் பணியாற்றினார். முக்காடிட்ட ஒரு முஸ்லிம் பெண் நகர சபையில் அமர்ந்து ஊர் நிர்வாகம் பேசியது எமது பாட்டிமார் காலத்துச் செய்தி. 2000ஆம் ஆண்டில் பேரியல் அஷ்ரப் அவர்கள் அமைச்சரானதும் இந்தத் தொடர்ச்சியில் வருவதுதான்.

இன்று வகுப்பறையில் நிற்கும் நாம் தினமும் காண்பது என்னவென்றால், பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். நன்றாகவே படிக்கிறார்கள். நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் பாதிக்கு மேல் பெண்கள். எமது உயர் தர வகுப்புகளிலும் முன்வாங்கு நிறையப் பெண் பிள்ளைகள்தான். படிக்கும் திறமையில் எங்கும் குறை இல்லை. சிக்கல் பெறுபேறு வந்த பிறகுதான் தொடங்குகிறது. "நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, ஸேர்" என்ற ஒரு வசனத்தில் 13 வருடப் படிப்பு நின்று போகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க விடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். அந்த வாக்குறுதி எந்தப் பதிவிலும் எழுதப்படுவதில்லை. முதல் குழந்தையோடு அது மறந்து போகிறது.

இதனால் யாருக்கு நட்டம்? எமது மனைவிக்குப் பிரசவ வலி வந்தால் பெண் டொக்டர் இருக்கிறாரா என்று ஓடி ஓடி விசாரிப்பது நாம்தான். மகளின் வகுப்புக்குப் பெண் ஆசிரியை வேண்டும் என்று அதிபரிடம் கேட்பதும் நாம்தான். சகோதரியின் குடும்ப வழக்கை ஆணிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று பெண் சட்டத்தரணியைத் தேடுவதும் நாம்தான். இந்த டொக்டரும் ஆசிரியையும் சட்டத்தரணியும் வானத்திலிருந்து இறங்கப் போவதில்லை. யாரோ ஒரு தகப்பன் தன் மகளைப் படிக்க அனுப்பியிருக்க வேண்டும். யாரோ ஒரு கணவன் தன் மனைவியை இரவுக் கடமைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹயாவையும் பேணுதலையும் அதிகம் வலியுறுத்தும் சமூகத்துக்குத்தான் படித்த பெண்கள் மற்றவர்களை விட அதிகம் தேவை. மற்ற வீட்டு மகள் எமக்குச் சேவை செய்ய வேண்டும், எமது மகள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கு?

நாட்டின் அபிவிருத்தி என்ற பெரிய சொல்லும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. இலங்கையின் சனத்தொகையில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். 2022இல் டொலர் இல்லாமல் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த டொலரை இந்த நாட்டுக்குக் கொண்டுவருவது யார்? மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண், சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடை தைக்கும் பெண், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் பெண். இந்த நாட்டுப் பொருளாதாரத்தின் பெரும் சுமையைப் பெண்கள் ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில், குறைந்த பாதுகாப்பில் தாங்குகிறார்கள். அரச செலவில் இலவசமாகப் படித்த ஒரு பட்டதாரிப் பெண்ணை வீட்டில் இருத்திவிட்டு, படிக்க வாய்ப்புக் கிடைக்காத தாயைப் பாலைவனத்துக்கு அனுப்பும் சமூகம் தன் கையிலிருக்கும் நல்ல விதையை விற்று உமியை வாங்குகிறது.

வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் தாயைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. ஒரு பெண் தானாக விரும்பி வீட்டைத் தேர்ந்தால் அது மதிப்புக்குரிய உழைப்பு. சம்பளமில்லாத அந்த உழைப்பு இல்லாமல் எந்தக் கடையும் காரியாலயமும் ஒரு நாள்கூடத் திறக்காது. அந்தத் தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் எமது வாதம்.

தேர்வு என்றதும் சம்மதம் என்ற விஷயத்துக்கு வருகிறோம். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவருடைய தகப்பன் விருப்பமில்லாத இடத்தில் மணமுடித்துக் கொடுத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். நபியவர்கள் அந்தத் திருமணத்தையே ரத்துச் செய்தார்கள். விடுதலை பெற்ற பரீரா (ரழி) அவர்களிடம் முன்னாள் கணவருடன் சேர்ந்து வாழும்படி நபியவர்களே பேசினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையைக்கூட மறுக்கும் சுதந்திரம் ஒரு முன்னாள் அடிமைப் பெண்ணுக்கு இருந்தது. அதற்காக யாரும் அவரை அடங்காதவள் என்று சொல்லவில்லை.

எமது நாட்டின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது? அச்சட்டத்தின்படி திருமணப் பதிவில் மணமகன் ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார், நிகாஹ் நடத்தியவர் ஒப்பமிடுவார். மணமகளின் ஒப்பத்துக்கு இடமில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். திருமணத்தை அதே குர்ஆன் உறுதியான உடன்படிக்கை என்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும், வாழ்நாள் உடன்படிக்கையில் அதன் ஒரு தரப்பின் கையெழுத்து வேண்டாம் என்றால் அது எப்படி நியாயமாகும்? பெண் மனதார ஒப்புக்கொண்டாள் என்பதற்கு அவளுடைய ஒப்பத்தைவிடச் சிறந்த சாட்சி எது?

வயது விஷயமும் அப்படித்தான். நாட்டின் ஏனைய சமூகங்களுக்கு 1995இலேயே திருமண வயது 18 ஆகிவிட்டது. எமது சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. விவாகரத்திலும் பாருங்கள். தலாக் கொடுக்கும் கணவன் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பஸஹ் கேட்கும் மனைவி சாட்சிகளோடு குற்றத்தை நிரூபிக்க வேண்டும். வீட்டுக் கதவுக்குள் நடந்த அடிக்கு அவள் சாட்சிக்கு எங்கே போவாள்? அதைக் கேட்கும் காதியும் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிபதி பதவியில் பெண் அமர்வது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாபி மத்ஹப் அதை ஏற்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் ஹனபி மத்ஹபில் ஹுதூத், கிஸாஸ் தவிர்ந்த வழக்குகளில் அதற்கு இடம் இருக்கிறது. எம்மைப் போல ஷாபி மத்ஹபைப் பின்பற்றும் மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகளை நியமித்தது. அங்கே ஈமான் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

இச்சட்டத்தைத் திருத்துவதற்காக நீதியரசர் ஸலீம் மர்சூப் அவர்களின் தலைமையில் 2009இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது அறிக்கை கொடுக்க 2018 ஆனது. ஒன்பது வருடங்கள்! அதன் பிறகும் குழுவுக்குள் இரண்டு தரப்பு, வெளியே இரண்டு தரப்பு. இந்த இழுபறியில் வயதைக் கடந்தது அறிக்கை இல்லை, பெண்கள்தான். 2009இல் பிறந்த ஒரு பெண் குழந்தை இன்று க.பொ.த. வகுப்புகளைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறாள்.

"இதெல்லாம் வெளியாரின் திட்டம், எமது சட்டத்தில் கைவைத்தால் முழுவதையும் பறித்துவிடுவார்கள்" என்று சகோதரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் கேலி செய்யவில்லை. 2020இல் எமது ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த காலத்தை அனுபவித்தவர்கள் நாம். ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் வரை ஏறத்தாழ ஒரு வருடம் கண்ணீரோடு காத்திருந்தோம். அந்த நாட்களில் நாம் என்ன கேட்டோம்? பெரும்பான்மையின் தயவைக் கேட்கவில்லை, எமது உரிமையைக் கேட்டோம். பலமுள்ளவன் பலமில்லாதவனின் உரிமையைத் தன் வசதிப்படி தீர்மானிக்கக் கூடாது என்றோம். அந்த நியாயம் நாட்டுக்குப் பொருந்துமென்றால் வீட்டுக்கும் பொருந்தும். எமது சட்டத்தைப் பாதுகாக்க இருக்கும் நல்ல வழி, அதிலுள்ள அநீதியை நாமே அகற்றுவதுதான். நாம் திருத்தத் தவறும் இடத்தைத்தான் மற்றவன் வந்து உடைப்பான்.

இன்னும் ஒன்று. இந்த விஷயங்களைப் பேசும் சகோதரிகளை மேற்கின் கைக்கூலிகள் என்று ஏசும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தன் கணவனைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே வாதாடிய கவ்லா (ரழி) அவர்களின் குரலை அல்லாஹ் செவியேற்றான். அதற்காக ஒரு ஸூராவுக்கே 'வாதாடும் பெண்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் துக்கத்தில் அசையாமல் நின்றபோது, உம்மு ஸலமா (ரழி) அவர்கள் சொன்ன ஆலோசனைப்படிதான் நபியவர்கள் நடந்தார்கள். ஒரு சமுதாயத்தின் நெருக்கடி ஒரு பெண்ணின் யோசனையால் தீர்ந்தது. இன்று எமது பள்ளிவாசல் நிர்வாக சபைகளில் ஊர்ப் பெண்களின் கருத்தைக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறதா?

சட்டம் பாராளுமன்றத்தில் மாறும்போது மாறட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் எமது கையிலேயே இருக்கின்றன.

மணமகளின் ஒப்பம் வேண்டாம் என்று சட்டம் தடுக்கவில்லை. எனவே ஒவ்வொரு ஜும்ஆப் பள்ளியும் தனது நிகாஹ் புத்தகத்தில் மணமகளின் ஒப்பத்தையும் வாங்கி வைக்கலாம். படிப்பைத் தொடர்வது, தொழிலுக்குப் போவது போன்ற நிபந்தனைகளையும் அங்கேயே எழுதிக்கொள்ளலாம். 18 வயது நிறையாத பிள்ளைக்கு நிகாஹ் நடத்துவதில்லை என்று மஹல்லா மட்டத்தில் தீர்மானிக்கலாம். சீதனம் கேட்ட கல்யாணத்துக்கு வலீமா சாப்பிடப் போவதில்லை என்று ஊரில் பத்துப் பேர் முடிவெடுத்தால் போதும், பதினோராவது வீட்டில் பேச்சு மாறும். வாப்பா வபாத்தானதும் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கும் அவசரத்தை விட்டு, சிறிதோ பெரிதோ அவர்களுடைய பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம். வருடத்தில் சில குத்பாக்களையாவது மஹருக்கும் வாரிசுரிமைக்கும் ஒதுக்கலாம். பெண்களின் ஆடையைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. இனி ஆண்களின் கடனைப் பற்றியும் பேசுவோம். கொடுக்காத மஹர் கடன்தான்.

வாலிபத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. சீதனம் வேண்டாம் என்று சொல்ல உங்கள் உம்மாவும் மாமாமாரும் விடமாட்டார்கள் என்று காரணம் சொல்லாதீர்கள். நிகாஹில் 'கபூல்' சொல்வது உங்கள் நாக்கு. பெற்றோரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். உங்களால் முடிந்த நல்ல தொகையை மஹராக உழைத்துச் சேருங்கள்.

எமது பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று. படியுங்கள். மார்க்கத்தையும் படியுங்கள், சட்டத்தையும் படியுங்கள். உங்களுக்கு அல்லாஹ் கொடுத்தது என்ன என்று மற்றவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் இருக்காதீர்கள். தெரிந்த பிறகு பரீராவைப் போலக் கேளுங்கள்: இது மார்க்கத்தின் கட்டளையா, அல்லது ஊரின் பரிந்துரையா என்று.

வெளியாருக்கு நாம் சொல்லும் பதில் எமது வீட்டிலும் உண்மையாகும் நாளை அல்லாஹ் நெருக்கமாக்கி வைப்பானாக. ஆமீன்.